செயற்கை உரம் இல்லாமல் 800 கோடிப் பேருக்குச் சோறு போட முடியுமா?

வேர்க்கால்

உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. 1950இல் இருந்தது சுமார் 250 கோடி. ஐ.நா. 2024இல் வெளியிட்ட கணிப்பின்படி 2080களின் நடுவில் இது சுமார் 1,030 கோடி வரை போய், அப்புறம்தான் மெல்ல இறங்கும். இன்னும் 200 கோடிக்கு மேல் ஆட்கள் சாப்பிட வரப்போகிறார்கள்.

இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும் இரண்டே பதில்தான் வருகிறது. "உரமும் பூச்சிமருந்தும் இல்லாவிட்டால் பட்டினிதான்" என்பார் ஒருவர். "உரம்தான் மண்ணைக் கெடுத்தது, நிறுத்தினால் பூமி தானாகக் கொடுக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே கணக்கை எடுத்து வைப்பதில்லை.

எனக்குக் கவலை இரண்டு பக்கமும் இருக்கிறது. வயலில் போட்ட உரம் கரைந்து ஆற்றோடு போய்க் கடலில் சேர்கிறது. அங்கே பாசி பெருகி, அழுகி, தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் மீன் வாழ முடியாத பெரும் பரப்பு இப்படித்தான் உருவாகிறது. அதைத் தெரிந்துகொண்டு "உரத்தால் ஒரு கெடுதலும் இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே நேரம், விளைச்சல் குறைந்தால் முதலில் காலியாவது ஏழையின் தட்டுதான்.

அதனால் நேராகவே கேட்கிறேன். செயற்கைத் தழைச்சத்தை நாளைக்கே நிறுத்தினால் எத்தனை பேருக்கு உணவு இருக்கும்? மண்ணைப் படித்தவர்களும் வயலில் இறங்கி வேலை செய்பவர்களும் கணக்கோடு எழுதுங்கள்.

மண்பரிசோதகர்

ஏறக்குறைய பாதிப் பேருக்கு. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பயிருக்கு வேண்டிய சத்துகளில் மனிதனை அதிகம் அலைய வைத்தது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். காற்றில் ஐந்தில் நாலு பங்கு அதுதான். ஆனால் அது இரண்டிரண்டு அணுக்களாக மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடக்கிறது. அந்தப் பிணைப்பை உடைக்கச் செடியால் ஆகாது. மின்னல் கொஞ்சம் உடைக்கும், சில நுண்ணுயிர்கள் உடைக்கும், அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா பெருவிலிருந்து கடற்பறவை எச்சத்தையும், அது குறைந்தபின் சிலியிலிருந்து வெடியுப்பையும் கப்பல் கப்பலாக இறக்கி நிலத்தில் போட்டது. 1898இல் பிரிஸ்டல் நகரில் பேசிய வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ், சிலி உப்பும் ஒருநாள் தீரும், கோதுமை உண்ணும் நாடுகள் பஞ்சத்தில் விழும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க வேதியியலாளர்கள் வழி கண்டே ஆகவேண்டும் என்று எச்சரித்தார்.

1909இல் பிரிட்ஸ் ஹேபர் அதைச் சோதனைக்கூடத்தில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தெடுக்க, 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பம், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 200 மடங்கு அளவுக்கு அழுத்தம், இரும்பு வினையூக்கி. இந்த நிலையில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கூடி அம்மோனியா ஆகும். அம்மோனியாவிலிருந்துதான் யூரியா. (முதல் உலகப் போரில் அதே அம்மோனியா வெடிமருந்துக்கும் போனது. அதில் செத்தவர்களை விட்டுவிட்டு இந்தக் கண்டுபிடிப்பின் பெருமையை மட்டும் பேச எனக்கு மனம் ஒப்புவதில்லை.)

இன்று ஆண்டுக்குச் சுமார் 11 கோடி டன் நைட்ரஜன் இந்த வழியாக வயலுக்கு வருகிறது. இது இல்லாவிட்டால் விளைவது எத்தனை பேருக்குப் போதும் என்று பலர் தனித்தனியாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உலக மக்களில் 40 முதல் 50 விழுக்காட்டினர் இந்த உரத்தை நம்பித்தான் உயிரோடு இருக்கிறார்கள் என்பதில் எல்லாம் வந்து நிற்கிறது. இதற்கான செலவும் பெரிதுதான். உலகம் பயன்படுத்தும் ஆற்றலில் சுமார் 2 விழுக்காட்டை அம்மோனியாத் தயாரிப்பே எடுத்துக்கொள்கிறது. அதற்கான ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது.

இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 1961க்குப் பிறகு உலகத் தானிய விளைச்சல் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. தானியம் பயிராகும் நிலம் 15 விழுக்காடு அளவுக்குத்தான் கூடியிருக்கிறது. பழைய மகசூலிலேயே நின்றிருந்தால் மிச்சமிருக்கும் காடுகளில் எவ்வளவு கழனியாகியிருக்கும் என்று யோசியுங்கள்.

பசுந்தாள்

மண்பரிசோதகர் சொன்ன கணக்கு சரி. ஆனால் எதையெல்லாம் மாறாமல் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைய பயிர், இன்றைய தீவனம், இன்றைய வீணடிப்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும், உரம் மட்டும் இல்லை என்று வைத்தால் பாதி என்றுதான் வரும்.

இயற்கை முறையையும் வழக்கமான முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடந்த நூற்றுக்கணக்கான ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். 2012இலும் 2015இலும் வந்த பெரிய தொகுப்புகளில் சராசரி இடைவெளி 20 முதல் 25 விழுக்காடு என்று வந்தது. பயிர்ச்சுழற்சியும் ஊடுபயிரும் ஒழுங்காகச் செய்த இடங்களில் இடைவெளி அதைவிடக் குறைவு. ஆக, பாதி போய்விடும் என்று பயமுறுத்த வேண்டியதில்லை.

மருந்து விஷயத்தில் இதைவிடத் தெளிவான பாடம் இருக்கிறது. இந்தோனேசியாவில் நெல்லுக்குப் பூச்சிக்கொல்லியை அள்ளி அடித்தார்கள். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி குறையவில்லை, பெருகியது. அதைத் தின்னும் சிலந்தியும் வண்டும் முதலில் செத்துப்போனதுதான் காரணம். 1986இல் அந்நாட்டு அரசு நெல்லில் 57 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை போட்டது. உழவர்களுக்கு வயலிலேயே பயிற்சி கொடுத்து, பூச்சியை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கக் கற்றுக்கொடுத்தது. நெல் உற்பத்தி அதனால் சரிந்துவிடவில்லை. "அடிக்காவிட்டால் பட்டினி" என்று சொன்னவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள்.

களத்துமேடு

தொழு உரம் மட்டும் போட்டு நல்ல மகசூல் எடுக்கும் வயல்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த எரு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், சுற்றியுள்ள பல வயல்களின் வைக்கோலைத் தின்ற மாடுகளிடமிருந்து வந்திருக்கும். அந்த வயல்களுக்கெல்லாம் யூரியா போட்டிருப்பார்கள். இதையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள்.

மண்பரிசோதகர்

களத்துமேடு ஐயா சொன்னதுதான் இதில் முடிச்சே. அதற்கு 180 ஆண்டுச் சான்று இருக்கிறது.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிராட்பாக் என்று ஒரு வயல். 1843இலிருந்து அதில் கோதுமை போட்டு வருகிறார்கள். ஒரு பாத்திக்கு எதுவுமே போடுவதில்லை. சில பாத்திகளுக்கு உப்பு உரம், அதாவது ரசாயன உரம். ஒரு பாத்திக்குத் தொழு உரம் மட்டும். எதுவும் போடாத பாத்தி ஹெக்டேருக்கு ஒரு டன் அளவில் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மண் முழுதாகச் செத்துப்போகவில்லை, ஆனால் அதற்கு மேல் தரவும் அதனால் முடியவில்லை. தொழு உரப் பாத்தி, உப்பு உரப் பாத்திக்கு ஈடாகக் கொடுக்கிறது. அதன் மண்ணில் மக்கும் பொருள் மற்றப் பாத்திகளைவிட இரண்டு மடங்குக்கு மேல். இதைப் பசுந்தாள் நண்பர் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளலாம், நானும் அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பாத்திக்கு ஆண்டுதோறும் போடும் எரு ஹெக்டேருக்கு 35 டன். உலகத்தின் எல்லா வயலுக்கும் இதே அளவு எரு கொடுக்க வேண்டுமானால் அத்தனை மாடு எங்கே, அத்தனை மாட்டுக்கும் தீவனம் விளைய நிலம் எங்கே? எரு தழைச்சத்தை உண்டாக்குவதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுவருகிறது. இயற்கை முறைக்கு ஒப்பீடுகளில் தெரியும் அந்த 20-25 விழுக்காடு இடைவெளி, பல பண்ணைகளில் வெளியிலிருந்து வந்த எருவைச் சேர்த்து வந்தது. எல்லோரும் அப்படி மாறினால் வெளி என்று ஒன்று இருக்காது.

இலங்கையில் என்ன நடந்தது என்பதும் நம் கண் முன்னால் இருக்கிறது. 2021 வசந்தத்தில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதில் கலந்திருந்தது, எல்லாப் பழியையும் உரத்தடை மேல் போட முடியாது. ஆனாலும் ஒரு பருவத்துக்குள் மாற்றிவிடலாம் என்று நம்பியதற்கு உழவர்கள்தான் விலை கொடுத்தார்கள்.

பசுந்தாள்

இலங்கையை எடுத்துக்காட்டாகச் சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு. மாற்று எரு தயாராக இல்லை, பயிற்சி இல்லை, விதை மாறவில்லை, நாளையிலிருந்து உரம் கிடையாது என்றால் எந்த நாட்டிலும் அதுதான் நடக்கும். அது அவசரத்துக்குக் கிடைத்த தண்டனை.

எரு இடம் மாற்றும், உண்டாக்காது என்றீர்கள். ஒத்துக்கொள்கிறேன். உண்டாக்குவது பயறு வகை. உளுந்தோ தட்டைப்பயறோ பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்வெட்டியால் வேரோடு கெல்லி எடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். மண்ணைத் தண்ணீரில் மெல்ல அலசினால் வேரில் சிறு சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் இரண்டாகக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட இரத்த நிறத்தில் இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு இரும்புப் புரதம்தான் அந்த நிறம். ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனை உடைக்கும் நொதி கெட்டுப்போகும், அதனால் இந்தப் புரதம் ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. முடிச்சு வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது வேலைக்கு வரவில்லை, அல்லது ஓய்ந்துவிட்டது.

ஓப்பாவில் 500 பாகையிலும் 200 மடங்கு அழுத்தத்திலும் செய்ததை, இந்த முடிச்சு மண்ணின் சாதாரணச் சூட்டில் செய்கிறது. இதற்கு ஆராய்ச்சிப் பணத்தில் எவ்வளவு போயிருக்கிறது, நெல்-கோதுமை-மக்காச்சோளத்துக்கு எவ்வளவு போயிருக்கிறது? பயறுக்கு அதே கவனம் கிடைத்திருந்தால் இன்றைய கணக்கு இப்படியா இருந்திருக்கும்?

மண்பரிசோதகர்

கடைசிக் கேள்வியில் உங்களோடு நிற்கிறேன். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன்: மணியாக அறுவடை செய்யும் பயறு, தான் பிடித்த தழைச்சத்தில் பெரும்பகுதியைத் தன் மணியிலேயே எடுத்துக்கொண்டு போய்விடும். மண்ணுக்கு நிறைய விட வேண்டுமானால் சணப்பு, தக்கைப்பூண்டு மாதிரிப் பசுந்தாள் உரச் செடிகளை வளர்த்து மடக்கி உழ வேண்டும். அந்தப் பருவத்தில் அந்த நிலத்தில் உணவு இல்லை. நிலம் குறைவாக உள்ளவரால் ஒரு பருவத்தை விட்டுக்கொடுக்க முடியுமா என்பதுதான் சிக்கல்.

உழக்கு

நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு விளையும் என்பதிலேயே நிற்கிறீர்கள். பசி அங்கே மட்டும் இல்லை.

உலகம் ஆண்டுக்கு விளைவிக்கும் தானியம் 280 கோடி டன் அளவில் இருக்கிறது. 800 கோடிப் பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 350 கிலோ. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஒரு கிலோ தானியத்தில் சுமார் 3,400 கலோரி இருக்கிறது. கைக்குழந்தையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒவ்வொருவருக்கும் தேவைக்கு மேல். காய், கிழங்கு, எண்ணெய், பால், மீன் எதையும் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

அப்படியிருந்தும் 2024இல் சுமார் 67 கோடிப் பேர் பசியில் இருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. சத்தான உணவை வாங்க வசதியில்லாதவர்கள் சுமார் 260 கோடி. இத்தனை தானியமும் எங்கே போயிற்று? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கால்நடைத் தீவனம். அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, வண்டி எரிபொருளான எத்தனால் செய்யும் ஆலைக்குப் போகிறது. ஆலையில் மிஞ்சும் சக்கை தீவனமாகத் திரும்புகிறது, ஆனால் மாவுச்சத்து வண்டியில் எரிந்துவிடுகிறது. அப்புறம் வீணாவது. கடையிலும் உணவகத்திலும் வீட்டிலும் மட்டும் 2022இல் 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போனது, அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து. அறுவடைக்கும் கடைக்கும் நடுவில் அழுகியும் எலி தின்றும் போவது இதில் சேராது.

1943இல் வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் செத்தார்கள். அந்த ஆண்டு அரிசி வரத்து 1941ஐவிடக் குறைவாக இருக்கவில்லை என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதினார். போர்க்கால விலையேற்றத்தில் கூலிக்காரரும் மீனவரும் வாங்க முடியாமல் போனதுதான் அவர் காட்டும் காரணம். அந்த எண்களைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் சந்தையில் அரிசி இருக்கும்போதே அதை வாங்கக் கையில் எதுவும் இல்லாதவர் செத்துப்போவார் என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. அயர்லாந்தில் 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தபோது அதே தீவிலிருந்து தானியமும் கால்நடையும் கப்பலேறிக்கொண்டிருந்தன.

இன்னும் 20 விழுக்காடு கூட விளைவித்தாலும் அது யார் வீட்டுக்குப் போகும் என்பதை வயல் தீர்மானிக்காது. இதைச் சொல்லாமல் விளைச்சலை மட்டும் பேசும் எந்தக் கூட்டத்திலும் எனக்கு மூச்சு முட்டுகிறது.

வேர்க்கால்

உழக்கு அக்கா, நீங்கள் சொல்வதில் ஒரு இடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "உலகில் போதுமான அளவு இருக்கிறது" என்பது இன்றைக்குச் சரி. அந்தப் "போதும்" என்பதே செயற்கை உரத்தால் வந்ததுதானே? பங்கீட்டைச் சரிசெய்வதற்கு முன்னால் உரத்தை எடுத்துவிட்டால் பங்கு போட என்ன இருக்கும்?

உழக்கு

உரத்தை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை தம்பி. தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போகும் தானியத்துக்குப் போட்ட உரம் எவ்வளவு என்று கேட்கிறேன். பசியைக் காட்டி உரம் விற்கிறார்கள், அந்த உரத்தில் விளைந்தது பசித்தவரிடம் போவதில்லை.

விதைப்பெட்டி

விதையைப் பற்றி யாரும் பேசவில்லையே. உரம் தனியாக எதையும் சாதிக்கவில்லை. பழைய நெல்லும் கோதுமையும் உயரமானவை. தழைச்சத்து அதிகம் போட்டால் இன்னும் உயர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் மணி முளைக்கும், அழுகும், எலிக்குப் போகும். அதனால் உரம் இருந்தும் பலன் இல்லாமல் இருந்தது.

இதை மாற்றியது குட்டை ரகம். ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டைக் கோதுமையின் மரபணுவை மெக்சிகோவில் நார்மன் போர்லாக் தன் ரகங்களில் சேர்த்தார். நெல்லில் இந்தோனேசியாவின் பேட்டா என்ற உயரமான ரகத்தையும் தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டையையும் கலப்பினம் செய்து, பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் ஐ.ஆர்.8ஐ வெளியிட்டது. தண்டு குட்டையானதும் செடி செய்த உணவு வைக்கோலுக்குப் போவது குறைந்து மணிக்குப் போனது. முன்பு செடியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு மணி என்றால், இப்போது பாதி.

அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே ரகம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றால் ஒரே நோய் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும். 1970இல் அமெரிக்காவில் அது நடந்தது. வீரிய மக்காச்சோள விதை தயாரிக்க வசதியாக இருந்த ஒரே வகைத் தாய்ச்செடியை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தியிருந்தன. அதைத் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சை வந்தது. ஒரே ஆண்டில் நாட்டின் மக்காச்சோளத்தில் சுமார் 15 விழுக்காடு போயிற்று.

எனக்குப் பிடித்த ஒரு நெல்லைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். வெள்ளத்தில் முழுதும் மூழ்கினால் சாதாரண நெல் மூச்சுக்காக மேலே எட்டிப் பார்க்க வேகவேகமாக நீளும். கையிருப்புச் சர்க்கரையை எல்லாம் அதிலேயே செலவழித்துவிட்டு, வெள்ளம் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் மடியும். ஒடிசாவின் பழைய ரகம் ஒன்று அப்படிச் செய்வதில்லை. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அப்படியே காத்திருக்கும், வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். அந்தக் குணத்தைத் தரும் சப்1 மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். மரபணு மாற்றம் எதுவும் இல்லாமல், கலப்பினம் செய்தே அதை சுவர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள். சுவர்ணா-சப்1 என்று 2009இல் இந்தியாவில் வெளிவந்தது. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும்.

அந்தப் பழைய ரகத்தை "மகசூல் குறைவு" என்று எல்லோரும் கைவிட்டிருந்தால் இது இல்லை. விதை வங்கிகளுக்குக் கொடுக்கும் பணத்தை வெட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நீர்மட்டம்

தண்ணீரையும் சேருங்கள். மனிதன் எடுக்கும் நன்னீரில் 70 விழுக்காடு வேளாண்மைக்குப் போகிறது. பாசன வசதி உள்ள நிலம் மொத்தச் சாகுபடி நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் உணவில் ஐந்தில் இரண்டு பங்கு அதிலிருந்து வருகிறது. அந்தத் தண்ணீரில் நிறைய நிலத்தடியிலிருந்து, மழை திருப்பிக் கொடுப்பதைவிட வேகமாக எடுப்பது. அமெரிக்காவின் ஓகலாலா நிலத்தடி நீர்ப்படுகை, வட மேற்கு இந்தியா இரண்டிலும் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. உரத்தைத் தொழிற்சாலையில் செய்துகொள்ளலாம். இதை எங்கே போய்ச் செய்வது?

களத்துமேடு

எல்லோரும் பெரிய எண்களைப் பேசிவிட்டீர்கள். நான் வயலில் தெரிவதைச் சொல்கிறேன்.

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. தண்ணீர் நிற்கும் வயலில் மேலே வீசினால் அதில் பாதிகூடப் பயிருக்குச் சேருவதில்லை. கொஞ்சம் அம்மோனியாவாக ஆவியாகும். கொஞ்சம் நைட்ரேட்டாகக் கீழே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகும், அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடேற்றக்கூடியது. வேர்க்கால் தம்பி சொன்ன கடல் பாசியெல்லாம் இப்படி உழவன் காசு கொடுத்து வாங்கியும் பயிருக்குக் கிடைக்காமல் போனதுதான்.

இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். இலை வண்ண அட்டை என்று ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டம் போட்டு. காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் வயலில் இறங்க வேண்டும். நன்றாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்து, உங்கள் உடம்பு நிழல் அதன் மேல் விழும்படி நின்று பார்க்க வேண்டும். வெயில் பட்டால் நிறம் ஏமாற்றும். ஒரே ஆள் பார்ப்பது நல்லது, கண்ணுக்குக் கண் மாறும். பத்துச் செடியில் ஆறு குறித்த நிறத்துக்குக் கீழே வெளுத்திருந்தால் மேலுரம் போடு, இல்லாவிட்டால் அடுத்த வாரம் வா. நாள் பார்த்துப் போடுவதை விட்டுவிட்டுப் பயிரைப் பார்த்துப் போடுவது, அவ்வளவுதான். அதிகம் போட்டால் பயிர் கருகருவென்று இருக்கும், பார்க்க அழகு. அந்த வயலைத்தான் புகையானும் குலைநோயும் முதலில் தேடி வரும். மருந்துச் செலவு அங்கேயே ஆரம்பம்.

நீர்மட்டம் அண்ணனுக்கு: நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டலாம். பக்கமெல்லாம் துளை போட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து, உள்ளே தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கும் வரை விட்டுவிட்டு அப்புறம் பாய்ச்சினால் மகசூல் குறையாது. பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடக்கூடாது. தண்ணீர் 30 விழுக்காடு வரை மிச்சமாகும். வயலிலிருந்து வரும் மீத்தேனும் பாதியளவு குறையும், ஏனென்றால் அதை உண்டாக்கும் நுண்ணுயிர் காற்றுப் பட்டால் வேலை செய்யாது. ஆனால் தண்ணீர் முறை வைத்து வரும் கால்வாயில் கடைசியில் இருப்பவரிடம் போய் "காய விடு" என்றால் எப்படி விடுவார்? அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று அவருக்கு உறுதி வேண்டும்.

மண்பரிசோதகர்

களத்துமேடு ஐயா எழுதியதற்கு ஆதாரமாக ஒன்று. சீனாவில் 2005 முதல் 2015 வரை சுமார் 2 கோடியே 9 லட்சம் சிறு உழவர்களிடம் இதை விரிவாகச் செய்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் எந்த ரகம், எப்போது விதைப்பது, எவ்வளவு உரம் என்று உள்ளூர்ச் சோதனையிலேயே கண்டறிந்து, ஆட்களை அனுப்பிச் சொல்லிக்கொடுத்தார்கள். நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் மகசூல் சராசரியாக 11 விழுக்காடு கூடியது, தழைச்சத்து உரம் 15 முதல் 18 விழுக்காடு குறைந்தது. இரண்டும் சேர்ந்தே நடந்தது. நான் எப்போதும் சுட்டிக்காட்டும் ஆய்வு இதுதான்.

உலகம் முழுக்க உரம் அதிகம் என்று சொல்வதும் தவறு. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஹெக்டேருக்குச் சராசரியாகச் சுமார் 20 கிலோ உரச்சத்துத்தான் போகிறது. 2006இல் நைஜீரியாவின் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் அதை 50 கிலோ ஆக்குவோம் என்று உறுதி எடுத்தார்கள், பெரும்பாலான நாடுகள் அதை எட்டவில்லை. மண்ணிலிருந்து எடுப்பதைத் திருப்பிப் போடாமல் ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே "உரத்தைக் குறை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓரிடத்தில் குறைப்பதும் இன்னோரிடத்தில் கூட்டுவதும் ஒரே வேலைதான்.

புதுவரவு

அடுக்குமாடிப் பண்ணைகள் இதையெல்லாம் தீர்க்காதா? மண்ணே வேண்டாமே.

விதைப்பெட்டி

கீரைக்கும் நாற்றுக்கும் சரி. தானியத்துக்கு ஆகாது. வயலுக்குச் சூரியன் இலவசமாகக் கொடுக்கும் வெளிச்சத்தை அங்கே மின்சாரத்தால் கொடுக்க வேண்டும். ஒரு கிலோ கோதுமைக்கு ஆகும் மின்சாரச் செலவு கோதுமையின் மதிப்பைவிடப் பல மடங்கு. தழைச்சத்தும் அங்கே குழாய் வழியாக ஊட்டுவதுதான்.

பசுந்தாள்

மண்பரிசோதகரும் களத்துமேடும் சொன்ன "பயிர் கேட்கும்போது மட்டும்" என்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் தழைச்சத்தை மட்டுமே பேசினோம். மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, காற்றிலிருந்து யாராலும் பிடிக்க முடியாது, பாறையிலிருந்துதான் வெட்ட வேண்டும். உலகில் தெரிந்த பாஸ்பேட் பாறை இருப்பில் சுமார் 70 விழுக்காடு மொராக்கோவின் கையில், அதில் மேற்கு சகாராவும் அடக்கம். அதை வெட்டி, வயலில் போட்டு, தின்று, சாக்கடையில் விட்டுக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இதற்கு என்ன பதில்?

மண்பரிசோதகர்

பதில் சாக்கடையிலேயே இருக்கிறது. வளர்ந்த ஒரு மனிதர் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜனும் அரை கிலோ பாஸ்பரஸும் கழிவாக வெளியேற்றுகிறார். நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீரில். மலத்தோடும் ஆலைக் கழிவோடும் கலந்த பிறகு பிரிப்பது கடினம், கலக்கும் முன் பிரித்தால் எளிது. இப்போதே சில சுத்திகரிப்பு நிலையங்களில் மெக்னீசியம் சேர்த்து, பாஸ்பரஸை ஸ்ட்ரூவைட் என்ற படிகமாகப் படிய வைத்து எடுக்கிறார்கள். அது மெல்லக் கரையும் உரம். ஜெர்மனி 2017இல் சட்டமே கொண்டுவந்தது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் 2029 முதல் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்டே ஆகவேண்டும்.

களத்துமேடு

கசடைக் கொண்டுவந்து கொட்டினால் வாங்க மாட்டேன். ஆலைக்கழிவில் உள்ள காட்மியமும் ஈயமும் மண்ணில் சேர்ந்தால் அதை எடுக்க வழி கிடையாது, என் பிள்ளைகள் காலத்திலும் அங்கேயே இருக்கும். நீங்கள் சொல்லும் படிகத்தில் அது வருமா? சோதித்த சீட்டோடு மூட்டை வருமா?

மண்பரிசோதகர்

படியும்போது உலோகம் பெரும்பாலும் நீரிலும் கசடிலும் தங்கிவிடுகிறது, படிகத்தில் ஏறுவது மிகக் குறைவு. சில பாறைகளிலிருந்து எடுக்கும் பாஸ்பேட் உரத்தில் காட்மியம் இதைவிட அதிகம் இருக்கும். ஆனால் நிலையத்துக்கு நிலையம் மாறும் என்பதால் நீங்கள் கேட்ட சீட்டு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் மூட்டையை வயலுக்குள் விடாதீர்கள். ஒரு நிலையத்தின் சோதனை அறிக்கை கிடைத்தால், அதில் எந்த எண்களைப் பார்க்க வேண்டும் என்று இதே இழையில் எழுதுகிறேன்.